ஆஸ்கர் தொட்டியில் கேனிஸ்டர் ஃபில்டர்: பழுது பார்த்த கையோடு ஒரு மதிப்பீடு

ஐந்தடித் தொட்டியில் ஒரு ஜோடி ஆஸ்கர் மீன் வளர்க்கத் தொடங்கியிருக்கும் நண்பர், கேனிஸ்டர் ஃபில்டர், அதாவது தொட்டிக்கு வெளியே வைத்துக் குழாய் வழியாகத் தண்ணீரை வடிகட்டும் மூடிய டப்பா, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். என்னுடைய கேனிஸ்டரில் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சிறு விசிறி) சுழலும் ஷாஃப்ட் உடைந்து, அதைச் சரிசெய்து மாட்டிய கையோடு இதை எழுதுகிறேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா, ஃபில்டருக்குள் இருக்கும் செராமிக் ரிங்குகளில் குடியேறி முதிர்ந்த பிறகு, அம்மோனியாவோ நைட்ரைட்டோ டெஸ்ட் கிட்டில் ஒருமுறைகூட நிறம் காட்டியதில்லை. ஓரடி வளர்ந்த இரண்டு ஆஸ்கரும் ஒரு சக்கர் மீனும் போடுகிற கழிவைப் பார்த்தவர்களுக்கு இது சாதாரணக் காரியமில்லை என்பது தெரியும். மோட்டார் சத்தம் கூடத்தில் கேட்பதே இல்லை. தண்ணீரும் பளிங்குபோல் இருக்கிறது.

என் மனக்குறை அந்தப் பளிங்கில்தான் தொடங்குகிறது. ஆஸ்கர் தீனியை அப்படியே விழுங்குவதில்லை, மெல்லும். மெல்லும்போது பாதித் துகள் செவுள் வழியாகப் புகைபோல் வெளியே வரும். அந்தத் துகளையும் எச்சத்தையும் கேனிஸ்டர் உடனே இழுத்து, மூடிய டப்பாவுக்குள் ஸ்பாஞ்சில் சேர்த்துவிடுகிறது. தொட்டியில் அழுக்கில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அது அதே தண்ணீருக்குள்தான் கரைந்துகொண்டிருக்கும். திறந்து பார்த்தால் நீல ஸ்பாஞ்ச் பழுப்பாகி, பிழிந்தால் சேறாக வழிகிறது. திறப்பதும் எளிதில்லை: வால்வை மூடி, குழாயைக் கழற்றி, நான்கு கிளிப்பையும் விடுவித்து, கசிவைத் தடுக்கும் ஓ ரிங் ரப்பர் வளையத்தைத் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவி, மறுபடி காற்றை வெளியேற்றி ஓடவிட வேண்டும். இவ்வளவு வேலை இருப்பதால் எவரும் தள்ளிப்போடத்தான் செய்வார்கள். பெரிய மீன் வளர்ப்பவருக்கு இந்த வடிவமைப்பு செய்கிற பெருங்கெடுதல் இதுவே.

மீனிலிருந்து வரும் அம்மோனியாவில் பெரும்பங்கு செவுள் வழியாகவே கரைந்து வருவது. அதை எந்த ஃபில்டரும் பிடித்து வெளியே போட முடியாது என்பது உண்மைதான். ஆனால் எச்சமும் சிதறிய தீனியும் அழுகுவதற்கு முன் வெளியேற்றக்கூடியவை. அழுகவிட்டால் அதற்கான விலையைக் கொடுப்பது தண்ணீரின் காரத்தன்மை, அதாவது பி.எச். சரியாமல் அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கும் திறன்; நாம் கே.எச். என்று டிகிரிக் கணக்கில் அளப்பது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறும்போது, கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மை தீர்ந்துபோகிறது. நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராம் ஏறுவதற்குள் மூன்றரை டிகிரி கே.எச். போய்விடும் என்று இதைக் கொள்ளலாம்.

கோவையில் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம். ஆனால் மென்மையான தண்ணீர். எங்கள் குழாயில் அதன் கே.எச். இரண்டு டிகிரியைத் தாண்டுவதில்லை. அதை மட்டும் நிரப்பினால் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாமல் பி.எச். சரியத் தொடங்கும். 6-க்குக் கீழே போனால் பாக்டீரியாவின் வேலை ஏறக்குறைய நின்று அம்மோனியா சேரும். அமிலத் தண்ணீரில் அது அம்மோனியம் அயனியாக இருப்பதால் மீன் உடனே வாடாது. ஆபத்து அதற்குப் பிறகுதான் வருகிறது. பி.எச். குறைந்ததைப் பார்த்துப் பதறி, போர்வெல் உப்புத் தண்ணீரை, அதாவது கடினமான தண்ணீரை, ஒரே நேரத்தில் பாதித் தொட்டிக்கு ஊற்றினால், பி.எச். சட்டென ஏறி, சேர்ந்திருந்த அம்மோனியத்தில் ஒரு பகுதி நச்சு அம்மோனியாவாக மாறும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7-ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 8-ஆனால் ஐந்து பங்குக்கு மேல். ‘தண்ணீர் மாற்றினேன், மறுநாள் மீன் செத்துவிட்டது’ என்று கேட்கும் கதைகளில் பல இப்படிப்பட்டவைதான்.

நான் மூன்று பங்கு சிறுவாணிக்கு ஒரு பங்கு உப்புத் தண்ணீர் என்ற கணக்கில் கலந்து, வாரந்தோறும் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுகிறேன். கேனிஸ்டரின் கடைசித் தட்டில் ஒரு வலைப்பை நிறையப் பவளக் கல் போட்டிருக்கிறேன். தண்ணீர் அமிலமாகச் சாயும்போது மட்டும் அது கூடுதலாகக் கரைந்து ஈடு கொடுக்கிறது. அவசரத்துக்கு ஆப்பசோடா உண்டு: 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் ஒரு டிகிரி கே.எச். கூடும். ஆனால் அதைச் சில நாட்களாகப் பிரித்துத்தான் கரைத்து ஊற்ற வேண்டும். இந்த ஏற்பாட்டில் கே.எச். நான்குக்கும் ஐந்துக்கும் இடையிலேயே நிற்கிறது. பவளக் கல்லுக்கு இத்தனை நேர்த்தியாக இடம் கொடுத்த அந்தத் தட்டு அமைப்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

பழுதைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரல் நீளமுள்ள ஒரு பீங்கான் ஷாஃப்ட் உடைந்ததற்கு, அது தனியாகக் கிடைக்காது, மோட்டார் தலையையே மாற்றுங்கள் என்று விற்றவர்கள் சொன்னார்கள். வேறொரு மாடலின் ஷாஃப்டைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து பொருத்தும்வரை, செராமிக் ரிங்குகளைத் தொட்டித் தண்ணீர் நிரம்பிய வாளியில் போட்டு, ஏர் பம்ப் வைத்துக் காப்பாற்றினேன். காற்று இல்லாமல் டப்பாவிலேயே விட்டிருந்தால் பாக்டீரியாவில் பெரும்பகுதி அழிந்திருக்கக்கூடும்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். தொட்டி செய்து தருபவரிடம் மூலையில் தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி வைக்கச் சொல்லி, கீழே சம்ப், அதாவது அந்தத் தண்ணீரை வடிகட்டி மேலே திருப்பி அனுப்பும் திறந்த தொட்டி, கட்டிக்கொள்வது நல்லது. சம்ப்பில் அழுக்கு துணிப்பையில் கண்ணெதிரே நிற்கும். இரண்டு நாளுக்கொருமுறை பையை உருவி அலசினால் முடிந்தது. கேனிஸ்டருக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டார் என்றால், ஷாஃப்டும் ஓ ரிங்கும் தனியாக இரண்டிரண்டு கேட்கட்டும். தர முடியாது என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கட்டும்.