லக்னோ 49 கொய்யாவும் வரி நாணலும்: மூன்று வருடம் வளர்த்துப் பார்த்ததில்

2021 ஐப்பசியில் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு நர்சரியில் ஒரே நாளில் இரண்டு செடி வாங்கினேன். ஒன்று லக்னோ 49 கொய்யா, பதியன் கன்று, 80 ரூபாய். இன்னொன்று இலையில் வெள்ளைக் கோடு ஓடும் பெரிய நாணல், தொட்டியோடு 250 ரூபாய். கொய்யா வீட்டுக்காகவும் நாணல் கொல்லையில் குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தை மறைக்கவும். இரண்டையும் மூன்று வருடம் வளர்த்துவிட்டேன், அதனால் வாங்க நினைப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

முதலில் கொய்யா. லக்னோ 49 என்ற பேரைப் பார்த்து லக்னோவில் உருவான ரகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லக்னோவிலிருந்து கொண்டுவந்த விதையில் முளைத்ததுதான், ஆனால் 1927-இல் தேர்ந்தெடுத்தது புனேக்குப் பக்கத்தில் கணேஷ்கிண்டில். சர்தார் என்றும் சொல்வார்கள். மரம் உயரமாகப் போகாமல் பக்கவாட்டில் படரும், காய் பெரிசு, சதை வெள்ளை, விதை கொஞ்சம் மெத்தென்று இருக்கும். வாங்கும்போது பதியனா விதைக்கன்றா என்று கட்டாயம் கேளுங்கள். விதையில் வந்தது தாய் மரம் மாதிரியே காய்க்கும் என்று சொல்ல முடியாது, காத்திருக்க வேண்டிய வருடமும் கூடும். என் கன்றில் பதியன் போட்ட இடத்தில் வேர் நன்றாகப் பிடித்து வந்திருந்தது. அந்த விஷயத்தில் நர்சரிக்காரரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டடிக்கு இரண்டடி குழி, தொழுவுரம், கொஞ்சம் வேப்பம்பிண்ணாக்கு, அவ்வளவுதான் வைத்தேன். எங்கள் மண் களி. தண்ணீர் தேங்கினால் கன்று மஞ்சளாகிவிடும் என்பதால் சுற்றிலும் மேடாக அணைத்துவிட்டேன். முதல் வருடம் வந்த பூவையெல்லாம் கிள்ளினேன், மனசு வரவில்லைதான், ஆனால் கிள்ள வேண்டும். இரண்டாம் வருடத்திலிருந்து காய்.

கொய்யாவில் விஷயமே கவாத்துதான். அதன் பூ பழைய கிளையில் வராது, புதிதாகத் துளிர்க்கும் குச்சியில் இலைக்கக்கத்தில்தான் வரும். அதனால் புரட்டாசி ஐப்பசியில் ஒரு தடவை, மாசி பங்குனியில் ஒரு தடவை, கிளை நுனியில் 10 முதல் 15 செண்டிமீட்டர் வரை வெட்டிவிட வேண்டும். முதல் தடவை வெட்டும்போது என் அம்மா பக்கத்தில் நின்று "நல்லா வளர்ற மரத்த ஏண்டா மொட்ட அடிக்கிற" என்று திட்டினார்கள். மூன்று வாரத்தில் வெட்டிய ஒவ்வொரு நுனிக்குக் கீழேயும் இரண்டு மூன்று துளிர், செம்பு நிறத்தில், தொட்டால் பூனைக்காது மாதிரி. அதில்தான் மொட்டு வந்தது. அடுத்த கவாத்துக்கு அம்மாவே கத்திரியை எடுத்துக் கொடுத்தார்கள்.

தொல்லை இல்லாமல் இல்லை. வெயில் ஏறினால் மாவுப்பூச்சி வரும், கூடவே எறும்பு. குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்து, அப்புறம் வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் கலந்து இலைக்கு அடியில் படுகிறபடி தெளித்தால் அடங்கும், ஒரே தடவையில் இல்லை, வாரம் ஒரு முறை விடாமல் அடிக்க வேண்டும். இலை வெண்கல நிறமாகச் சிவந்துபோனால் நோய் என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் துத்தநாகம் மாதிரி நுண்ணூட்டக் குறைதான். லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், அதே அளவு மக்னீசியம் சல்பேட் கரைத்துத் தெளித்தேன், அடுத்து வந்த இலைகள் சிவக்காமல் பச்சையாகவே நின்றன. பழ ஈதான் உண்மையான எதிரி. வெளியே பார்த்தால் பழம் பளபளவென்று இருக்கும், அறுத்தால் உள்ளே புழு. காய் எலுமிச்சை அளவுக்கு வந்ததும் காகிதப் பை கட்டிவிடுகிறேன், அணிலுக்கும் கிளிக்கும் அதுவே தடுப்பு. மேல் கிளையில் நாலு காயைக் கட்டாமல் விட்டுவிடுவேன், அது அவற்றுக்கு.

பயன் என்று பார்த்தால் 80 ரூபாய்க்கு இதைவிட நல்ல செடி கிடையாது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி, ஆரஞ்சில் இருப்பதைப்போல நாலு மடங்கு. வயிற்றோட்டத்துக்குக் கொழுந்து இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பது எங்கள் வீட்டில் பாட்டி காலத்துப் பழக்கம். கவாத்தில் விழும் கட்டை கெட்டியானது, பம்பரத்துக்கும் உண்டிவில்லுக்கும் அதைத்தான் தேடுவோம்.

இனி நாணல். அழகைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால் இரண்டு விரல் அகலத்தில் பச்சையும் வெள்ளையுமாக இலை காற்றில் சலசலக்கும். புதுக்குருத்தில் வெள்ளை பளிச்சென்று இருக்கும், இலை முதிர முதிர மஞ்சளாகி மங்கும். பராமரிப்பு என்று ஒன்றுமே தேவையில்லை: உரம் போடவில்லை, மருந்து அடிக்கவில்லை, சோப்புத் தண்ணீரைக் குடித்தே ஒரு வருடத்தில் பத்தடி போய்விட்டது. கழிவுநீரைச் சுத்தம் செய்யச் செயற்கைச் சதுப்பு அமைப்பவர்களும் இதை நடுகிறார்கள், அது ஏன் என்று என் கொல்லையிலேயே புரிந்தது, சேறாகக் கிடந்த இடம் காய்ந்துவிட்டது.

ஆனால் நர்சரியில் ஒன்றைச் சொல்லவில்லை. இதன் அறிவியல் பெயர் அருண்டோ டோனாக்ஸ். உலகத்தின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் போட்ட பட்டியலில் இதுவும் ஒன்று. கலிபோர்னியாவிலும் டெக்சாசிலும் ஆற்றங்கரைகளை இது அடைத்து, தண்ணீரை உறிஞ்சி, காய்ந்தால் தீயைப் பரப்பி, அழிக்க முடியாமல் தவிக்கிறார்கள். இத்தனைக்கும் முளைக்கிற விதையே இதற்குக் கிடையாது. பரவுவது எல்லாம் கிழங்கிலும் கணுவிலும்தான். 2022 மழைக்கு முன் நாணலை வெட்டி, தட்டைகளை வேலிக்கு வெளியே போட்டேன். கார்த்திகையில் போய்ப் பார்த்தால் சேற்றில் கிடந்த ஒரு தட்டையின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு பச்சைக் குருத்து, கீழே வெள்ளை வேர். பத்தடி தள்ளி வாய்க்கால். அந்த வாய்க்கால் காவிரித் தண்ணீர் வருவது. அன்றைக்கு முழுக்கக் குனிந்து ஒரு துண்டு விடாமல் பொறுக்கினேன். அப்புறம் தரையில் இருந்ததையும் தோண்டினேன், கிழங்கு இஞ்சி மாதிரி முட்டி முட்டியாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. கடப்பாரையோடு இரண்டு ஆளுக்கு இரண்டு நாள் வேலை.

இரண்டு செடிக்கும் ஒரே கத்திரிதான். கொய்யாவில் வெட்டினால் காய் வருகிறது, நாணலில் வெட்டியதே செடியாகிறது. விற்கிறவர் இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம், சொன்னாலும் நான் காதில் போட்டிருக்க மாட்டேன், ஆனால் சொல்வது அவர் கடமை.

நாணலுக்குப் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. கிளாரினெட், சாக்சபோனில் ஊதும்போது அதிரும் மெல்லிய தகடான ரீடுகளுக்கு இதே இனம்தான், பிரான்சின் தெற்கே வார் பகுதித் தட்டைக்கு அதில் தனி மதிப்பு. இத்தாலியில் டோர்விஸ்கோசா என்ற ஊரே 1930-களில் இந்தத் தட்டையிலிருந்து ரேயான் நூல் எடுக்கக் கட்டிய ஊர். எங்கள் பக்கத்திலும் நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளிக்குக் காவிரிக்கரை நாணல் தட்டைதான், திருவாவடுதுறை அதற்குப் பேர்போன ஊர். அந்த ஆசையில் என் வரி நாணலில் ஒரு துண்டைச் சீவாளி செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். விரலால் நசுக்கிப் பார்த்தார். "பஞ்சா இருக்கு தம்பி, ஊதினா நிக்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆகவே, இடம் இருப்பவர்கள் கொய்யாவை யோசிக்காமல் வாங்குங்கள், மாடியில் பெரிய தொட்டியில் வைத்தாலும் கவாத்து பண்ணினால் காய்க்கும். நாணல் அழகுக்கு வேண்டுமென்றால் அடி மூடிய சிமெண்டுத் தொட்டியில் மட்டும், தொட்டிக்கு அடியில் ஓடு வைத்து. வாய்க்கால், குளம், ஆறு பக்கத்தில் இருக்கும் வீடென்றால் வேண்டவே வேண்டாம். என்னிடம் இப்போது தொட்டியில் ஒரே ஒரு தூர் இருக்கிறது. வெட்டும் தட்டைகளை மாடியில் இரண்டு மாதம் காயவைத்து அவரைப் பந்தலுக்குக் கொம்பாகப் போடுகிறேன், நன்றாகத் தாங்குகிறது. கணுவில் பச்சை துளிகூட இல்லாமல் காய்ந்த பிறகே மண்ணில் குத்துங்கள், பச்சையாகக் குத்தினால் பந்தல்காலே துளிர்த்துவிடும்.