குழந்தையின் காதுக்கு எது: இயர்மஃப்பா, இயர்பிளக்கா, தள்ளி நிற்பதா?

கச்சேரி, கார் பந்தயம், வாணவேடிக்கை என்று குழந்தையைக் கூட்டிப் போகும்போது காதைக் காக்க உருப்படியான வழிகள் நான்கு: ஹெட்போன் மாதிரி காதை மூடும் இயர்மஃப், காதுத் துளைக்குள் விரியும் ஃபோம் பிளக், சிலிக்கான் பிளக், ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி நிற்பது. சின்னக் குழந்தைக்கு இயர்மஃப்தான் என்பது எங்கள் முடிவு, அதுவும் தள்ளி நின்றபடி.

எத்தனை டெசிபல் சத்தம் குறையும் என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை (என்.ஆர்.ஆர்.) மட்டும் பார்த்தால் ஃபோம் பிளக்தான் ஜெயிக்கும். ஆனால் அந்த எண் ஆய்வகத்தில் பக்குவமாக மாட்டி அளந்தது. நடைமுறைக்கு என்.ஆர்.ஆர். எண்ணிலிருந்து இயர்மஃப்புக்கு 25 சதவீதம், ஃபோம் பிளக்குக்கு 50, மற்ற பிளக்குகளுக்கு 70 கழிக்கச் சொன்னது, 1998-ல், அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ். அப்படிக் கழித்தால் 24 போட்ட இயர்மஃப் 18 ஆகும், 32 போட்ட ஃபோம் பிளக் 16தான். சத்தத்தை டிபிஏ அளவில் (நம் காது கேட்கும் விதத்துக்கு ஏற்பத் திருத்திய டெசிபல்) அளந்திருந்தால் இன்னும் 7 போகும். ஆக 100 டிபிஏ சத்தம், இயர்மஃப் போட்ட காதுக்கு 89, ஃபோம் வைத்த காதுக்கு 91.

ஃபோம் பிளக் சறுக்குவது மாட்டும் விதத்தில். விரல்களில் உருட்டி ஒல்லியாக்கி, மறுகையால் காது மடலை மேலே பின்பக்கமாக இழுத்து, உள்ளே விட்டு, விரியும் வரை 20 முதல் 30 நொடி பிடித்திருக்க வேண்டும். அதுவரை குழந்தை தலையை ஆட்டாமல் இருக்காது. காதுத் துளையும் குறுகல் என்பதால் பெரியவர்களுக்கான பிளக் பாதி நுழைந்து மீதி துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளங்கைகளால் காதுகளைப் பொத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் இன்னும் நன்றாகக் குறைகிறது என்றால் பிளக் சரியாக உட்காரவில்லை. மூன்று வயதுக்குள் பிளக் வேண்டவே வேண்டாம், வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துவிடும். காதில் சீழ் வடிந்தாலோ, செவிப்பறையில் மருத்துவர் சிறு குழாய் வைத்திருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் பிளக் வைக்காதீர்கள்.

உருட்ட வேண்டாத சிலிக்கான் பிளக் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏற்றது. ஃபில்டர் உள்ளதில் பாட்டும் பேச்சும் தெளிவாகக் கேட்பதால் பிடுங்கிப் போட மாட்டார்கள். அளவு தவறினால் பயன் இல்லை.

இயர்மஃப்பிலும் கோளாறு வரும். குஷனுக்கும் தோலுக்கும் நடுவே கண்ணாடியின் காலோ தொப்பி விளிம்போ முடிக்கற்றையோ புகுந்தால் அந்த இடுக்கு வழியாகச் சத்தம் நுழையும். குஷன் இறுகி வெடித்திருந்தால் மாற்றுங்கள். பெரியவர்கள் அளவு சின்னத் தலையில் அழுந்தாது.

இத்தனைக்கும் மேல் இயர்மஃப் முந்துவது, கழற்றினால் பத்தடி தள்ளி நின்றாலும் நம் கண்ணில் பட்டுவிடும் என்பதால்தான். காதுக்குள் இருக்கும் பிளக் நழுவினால் யாருக்கும் தெரியாது. நியோஷ் கணக்கில் 85 டிபிஏ என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100-ல் 15 நிமிடம்தான். அதுவும் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கான வரம்பு. 30 டெசிபல் குறைக்கும் கவசத்தையே பாதி நேரம் கழற்றி வைத்தால் மொத்தத்தில் கிடைப்பது 3 டெசிபல் பாதுகாப்பு மட்டுமே.

தூரம் எல்லாவற்றோடும் சேரும். திறந்தவெளியில் ஒற்றை ஸ்பீக்கரிடமிருந்து தூரம் இரட்டிக்கும்போது சுமார் 6 டெசிபல் குறையும். 3 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்கு நகர்ந்தால் 12 டெசிபல். மண்டபத்துக்குள் சுவர் எதிரொலிப்பதால் இவ்வளவு குறையாது. வரிசையாகத் தொங்கும் ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்திலும் அப்படியே.

காதில் பஞ்சு வைப்பதை நம்பாதீர்கள். நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனும், காப்புக் கவசம் என்று தரமதிப்பீடு இல்லாத வரை, இதற்கு ஆகாது.

வெடிச் சத்தத்துக்குக் குழந்தைகளின் உச்ச வரம்பு 120 டெசிபல் என்கிறது உலக சுகாதார அமைப்பு, பெரியவர்களுக்கு 140. முதல் வெடிக்கு முன்பே கவசம் மாட்டியிருக்க வேண்டும். திரும்பும்போது காதில் ரீங்காரம் என்றோ அடைத்த மாதிரி இருக்கிறது என்றோ பிள்ளை சொன்னால் சத்தம் அளவு மீறிவிட்டது. மறுநாளும் தீராவிட்டால் காது மருத்துவரிடம் காட்டுங்கள்.