காலணி வடிவமைப்பு படிக்க: முதலில் டேப்பா, திரையா?

காலணி வடிவமைப்பு கற்க வருகிறவர் முன் இன்று இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, லாஸ்ட்டின் (ஷூவை உருவாக்கப் பயன்படும் பாத வடிவ அச்சின்) மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதில் கோடு வரைந்து, உரித்து, அட்டையில் பேட்டர்ன் (தோலை வெட்டுவதற்கான மாதிரி) வெட்டிப் பழகுவது. மற்றொன்று, ஸ்கேன் செய்த லாஸ்ட்டைக் கணினியில் திறந்து, முப்பரிமாண மென்பொருளில் வரைந்து, ஒரே சொடுக்கில் தட்டையாக்கிக்கொள்வது. தோல் ஷூ செய்ய நினைப்பவருக்கு முதல் செமஸ்டரில் டேப்தான் வேண்டும் என்பது என் தேர்வு. கற்பிக்கும்போதும் அதையே சொல்கிறேன்.

வேகத்தில் திரையை யாரும் வெல்ல முடியாது. நிறம் மாற்றவும், வாங்குபவருக்குப் படம் அனுப்பவும், கிரேடிங் செய்யவும், அதாவது ஒரு சைஸ் பேட்டர்னை மற்ற சைஸ்களுக்கு மாற்றவும், கணினியே சரி. ஐரோப்பிய அளவில் சைஸுக்கு 6.67 மி.மீ., ஆங்கில அளவில் 8.46 மி.மீ. என்று நீளத்தைக் கூட்டி, அத்துடன் சுற்றளவையும் மாற்றி, பத்து சைஸுக்குக் கையால் அட்டை வெட்டுவது இன்று வீண் உழைப்பு. இதில் விவாதிக்க எதுவும் இல்லை.

விவாதம் ஒரே இடத்தில்தான்: வளைந்த லாஸ்ட்டின் மேற்பரப்பைத் தட்டையாக்கும் இடத்தில். லாஸ்ட்டின் முனை (விரல் பக்கம்) எல்லாப் பக்கமும் புடைத்திருக்கும். அதன் மேலிருந்து உரித்த டேப்பை அட்டையில் அமுக்கினால் ஆரஞ்சுத் தோல் போல ஓரம் பிளந்து விரியும். பாதத்தின் மேல்வளைவிலும், லாஸ்ட் நடுவில் குறுகும் இடுப்புப் பகுதியிலும் பரப்பு உள்வளைந்திருப்பதால் அங்கே இதற்கு நேர்மாறாக டேப் சுருங்கி மடியும். ஆக, எந்த முறையில் தட்டையாக்கினாலும் பிழை வரத்தான் செய்யும். அந்தப் பிழையை எந்தப் பக்கம் தள்ளுவது என்ற முடிவுதான் பேட்டர்ன் கலை.

கையில் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். லாஸ்ட்டின் நடுக்கோட்டையும் பின்கோட்டையும் முதலில் குறித்துக்கொண்டு, டேப்பைப் பாதிக்குப் பாதி மேலேறும்படி ஒட்ட வேண்டும். வடிவத்தை வரைந்ததும் நடுக்கோட்டில் வெட்டி, உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் தனித்தனியாக உரித்து அட்டையில் ஒட்ட வேண்டும். வேம்ப் (ஷூவின் முன்பகுதியை மூடும் துண்டு) முனையிலிருந்து பின்கோடு வரையுள்ள நடுப்பகுதியை முதலில் அழுத்தி, பிறகு ஓரங்களுக்குப் போக வேண்டும். முனை ஓரத்தில் சிறு வெட்டுகள் போட்டால் பிளவு சீராகப் பரவும். பிறகு இரு பாதிகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, மேல்பகுதியில் சராசரி எடுத்து, அடி ஓரத்தில் உள், வெளி வித்தியாசத்தை மட்டும் அப்படியே விட்டு நாட்ச் (அடையாள வெட்டு) போட வேண்டும்.

இதன் பிறகுதான் மாணவர் தடுமாறும் இடம் வருகிறது. வேம்ப் ஒரே துண்டாக வேண்டுமென்றால் நடுக்கோடு நேராக இருக்க வேண்டும். டேப்பில் வந்த கோடோ வளைந்திருக்கிறது. அதை நேராக்க அட்டையைச் சுழற்றினால் அடி ஓரத்தில் நீளம் கூடும் அல்லது குறையும். அந்த வித்தியாசத்தை லாஸ்டிங்கில், அதாவது தைத்த மேல்பகுதியை (அப்பர்) லாஸ்ட்டின் மேல் இழுத்து அடியில் ஒட்டும்போது, தோல் இழுபட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்குமா என்பது தோலைப் பொறுத்தது. தோல் முதுகெலும்பின் நெடுக்கே குறைவாகவும் குறுக்கே அதிகமாகவும் நீளும், வயிற்றுப் பகுதியில் தளர்வாக இருக்கும். அதனால்தான் வேம்ப்பை முனையிலிருந்து குதிகால் நோக்கி இறுக்கமான திசை வரும்படி வெட்டுகிறோம். மெல்லிய ஆட்டுத்தோலில் பொருந்திய பேட்டர்னை மாட்டுத்தோலில் அப்படியே வெட்டினால் பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது.

மென்பொருளும் இதே பிழையைப் பங்கிடுகிறது. ஆனால் பங்கிட்டதைப் பெரும்பாலும் ஒரு வண்ண வரைபடமாகவே காட்டும். அதில் சிவப்பாகத் தெரியும் இடத்தில் தோல் என்ன பாடுபடும் என்று, ஒருமுறையாவது பின்சர் என்ற இடுக்கியால் அப்பரை இழுத்துப் பார்த்தவருக்கே புரியும். மற்றவர் மென்பொருள் தரும் இயல்பு மதிப்பை ஏற்றுக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார். விளைவு முதல் சாம்பிளில் தெரிகிறது: மேல் விளிம்பு வாய் பிளக்கிறது, இடுப்பின் உள்பக்கம் சுருக்கம் விழுகிறது, பின்தையல் ஒரு பக்கம் சாய்கிறது. லாஸ்டிங் மார்ஜின் (அடியில் மடித்து ஒட்ட விடும் ஓரம்) 15 முதல் 20 மி.மீ. வரை வேண்டும். குறைந்தால் இன்சோலில் (உள்ளடி அட்டையில்) பசை பிடிக்க இடம் போதாது. கூடினால் முனையில் மடிப்புகள் குவிந்து சோல் சமமாக உட்காராது. இந்த எண்களைத் திரையிலும் நாமேதான் கொடுக்க வேண்டும்.

1947-இல் மிலானில் தொடங்கிய ஆர்ஸ் சுத்தோரியா பள்ளியில் இன்றும் லாஸ்ட்டில் டேப் ஒட்டிக் கற்றுத்தருகிறார்கள் என்பதில் எனக்கு வியப்பே இல்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஷூ தொழிற்சாலைகளின் சாம்பிள் அறைக்குப் போக நினைப்பவருக்கும் அதுவே என் பரிந்துரை.

விளையாட்டு ஷூ என்றால் கணக்கு மாறுகிறது. 2012-இல் நைக்கியின் ஃப்ளைநிட் என்ற பின்னல் அப்பர் வந்த பிறகு பல ஷூக்களில் அப்பரின் பெரும்பகுதி பின்னல் இயந்திரத்திலேயே வடிவம் பெறுகிறது. எங்கே இறுக்கம், எங்கே நெகிழ்வு என்பதை நிரலில் எழுதுகிறார்கள். 2017-இல் அடிடாஸ் காட்டிய ஃபியூச்சர்கிராஃப்ட் 4டி ஷூவின் மிட்சோலில் (பாதத்துக்கும் அடிச்சோலுக்கும் இடையிலுள்ள மெத்தை அடுக்கில்) உள்ள வலைப்பின்னலைக் கையால் வரையவே முடியாது. செய்யாறு போன்ற இடங்களின் விளையாட்டு ஷூ ஆலைகளைக் குறிவைப்பவர் திரையில் தொடங்கினாலும் தவறென்று சொல்ல மாட்டேன். பின்னல் அப்பரில் என் பழக்கம் குறைவு. அதனால் அங்கே டேப் எவ்வளவு உதவும் என்று அடித்துச் சொல்லத் தயங்குகிறேன்.

எங்கே படிப்பது என்று கேட்பவர்களுக்கு: கிண்டியில் 1957 முதல் இயங்கும் மத்திய காலணிப் பயிற்சி நிலையம் ஆகட்டும், 2017 சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற எஃப்டிடிஐயின் (காலணி வடிவமைப்பு, மேம்பாட்டு நிறுவனம்) இருங்காட்டுக்கோட்டை வளாகம் ஆகட்டும், சேரும் முன் பட்டறையை நேரில் பாருங்கள். மாணவர் வெட்டிய பேட்டர்னை அவரே தைத்து, அவரே லாஸ்டிங் செய்கிறாரா என்று கேளுங்கள். முடிந்த ஜோடி ஒன்றைக் கையில் வாங்கி, முனையிலிருந்து டோ கேப் (விரல் முனையை மூடும் துண்டு) கோடு வரையுள்ள தூரத்தை இரண்டு ஷூவிலும் டிவைடரால் அளந்து பாருங்கள். பின்தையலின் உயரத்தையும் அப்படியே. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், அந்தப் பிழை பேட்டர்னில் வந்ததா, இழுத்த கையில் வந்ததா என்று அந்த மாணவரிடமே கேளுங்கள்.