கடைசல் காலுக்கு அளவு எடுக்க: கால்குலேட்டரா, கட்டமா, விகித டிவைடரா?

புகைப்படத்தைப் பார்த்து மேசைக்குக் கடைசல் கால் (கடைசல் இயந்திரத்தில் சுழற்றிச் செதுக்கும் கால்) ஒன்று செய்வதாக வைத்துக்கொள்வோம். நிஜக் கால் படத்தைவிட 2.4 மடங்கு பெரிது. வளையம், குழி, கழுத்து, குமிழ் என்று சில்லறை அளவுகள் ஏராளம்.

ஸ்கேலும் கால்குலேட்டரும் எல்லோரிடமும் உண்டு. ஆனால் அங்குலமும் நூலுமாக (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்) அளந்தால் அவதிதான். 1 அங்குலம் 3 நூலை 2.4-ஆல் பெருக்கினால் 3 அங்குலம் 2.4 நூல். அந்த 0.4 நூலை ஸ்கேலில் எங்கே தேடுவது? மில்லிமீட்டருக்கு மாறினால் கணக்கு எளிது: 15 மி.மீ., 36 ஆகிவிடும். அப்போதும் அளந்து, பெருக்கி, எழுதி, மறுபடி அளக்க வேண்டும். தப்பு நுழைய நாலு வாசல்.

விகித டிவைடரில் எண்ணுக்கே வேலையில்லை. இரு முனையும் கூரான இரண்டு கால்கள் குறுக்காக, நடுவில் நகர்த்தக்கூடிய ஒரு திருகு. திருகிலிருந்து ஒரு பக்கம் 5 செ.மீ., மறுபக்கம் 12 செ.மீ. இருந்தால் விகிதம் 2.4. இருபுறமும் உண்டாவது ஒத்த முக்கோணங்கள் என்பதால் எவ்வளவு விரித்தாலும் அது மாறாது. சின்ன முனையால் படத்தைத் தொட்டு, பெரிய முனையால் மரத்தில் குத்தினால் போதும். பொம்பேயி இடிபாடுகளிலேயே இத்தகைய வெண்கலக் கருவி கிடைத்திருக்கிறது.

குறையும் உண்டு. 12 செ.மீ. காலை வைத்துக்கொண்டு இரண்டடி உயரத்தை அளக்க முடியாது. மொத்த உயரத்துக்குக் கால்குலேட்டர், நுணுக்கங்களுக்கு டிவைடர் என்று பிரித்துக்கொள்வதே என் கட்சி. முனையைத் தீட்டினால் கால் நீளம் குறைந்து விகிதம் நழுவும். டிவைடரில் அச்சிட்ட விகிதக் கோட்டை நம்பாமல், சின்ன முனையை 10 மி.மீ. விரித்து, மறுமுனை 24 காட்டுகிறதா என்று பார்ப்பது நல்லது.

வளைவுகள் நிறைந்த செதுக்கு வேலைக்குக் கட்டம் போடுவதுதான் சரி: படத்தில் சின்னக் கட்டங்கள், மரத்தில் அதே விகிதத்தில் பெரிய கட்டங்கள் வரைந்து, கட்டம் கட்டமாகக் கோட்டை எடுத்து வரைவது. டிவைடர் புள்ளிகளைத் தரும், கோட்டைத் தராது.

சுவாமிமலை ஸ்தபதிகளின் ஒடியோலை இந்தப் போட்டியில் தனி ரகம். சிலையின் உயரத்துக்குத் தென்னங்கீற்றை நறுக்கி, தாளக் கணக்குப்படி (முக நீளத்தை அலகாகக் கொண்ட சிற்ப அளவு முறை) மடித்து அளவு குறிக்கிறார்கள். எண் இல்லாத முறை என்பதில் ஓலையும் டிவைடரும் ஒன்று. ஆனால் ஓலை ஒரே நீளத்தைப் பங்கு போடுகிறது. சிலையின் உயரம் மாறினால் புது ஓலை வேண்டும். டிவைடரோ ஒரு பொருளின் அளவை இன்னொன்றுக்கு ஏற்றுகிறது.

ஒரே விகிதம் போதுமென்றால் கடையில் வாங்கவே வேண்டாம். இரண்டு மரப்பட்டிகள், ஒரு திருகு, நான்கு கூரான ஆணிகள் இருந்தால் பட்டறையிலேயே செய்துவிடலாம்.