கோரோகோவாவா, மெஷினேரியமா? டேப்லெட்டில் ஆடுபவரின் கணக்கு

கதையும் புதிரும் கலந்த கேம் வேண்டும், படம் அழகாக இருக்க வேண்டும் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் மானுமென்ட் வேலியைத்தான் சொல்வார்கள். 2014-இல் வந்தது, அழகுதான், அதைப் பற்றி ஊரே எழுதித் தீர்த்தாயிற்று. நான் வாங்கியவை வேறு இரண்டு: அமெரிக்கரான ஜேசன் ராபர்ட்ஸ் தனியாளாக வரைந்து 2017-இல் வெளியிட்ட கோரோகோவா, செக் நாட்டு அமனிட்டா டிசைன் நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த மெஷினேரியம். இரண்டும் கையால் வரைந்தவை, இரண்டிலும் வசனமே கிடையாது. பெங்களூரு அல்சூர் வீட்டில் இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அக்கா பையனோடு உட்கார்ந்து ஆட அதுவே வசதி.

டேப்லெட்டில் ஆடுவதாக இருந்தால் என் ஓட்டு கோரோகோவாவுக்கு.

மெஷினேரியம் அழகில் குறைந்ததில்லை. துருப்பிடித்த குழாய், கோணல் கோபுரம், எண்ணெய்க் கறை என ஒரு முழு இயந்திர நகரத்தையே வரைந்து வைத்திருக்கிறார்கள். ஜோசஃப் என்ற குட்டி ரோபோ உடம்பை நீட்டிச் சுருக்கி நடப்பதைப் பார்த்தாலே சிரிப்பு வரும். ஆரம்பத்தில் காவல்கார ரோபோவை ஏமாற்ற, சாலையில் வைக்கும் கூம்பை நீலச் சாயத்தில் முக்கி, உச்சியில் பல்பைச் செருகித் தொப்பியாகப் போட்டுக்கொள்ளும். அந்த ஒரு காட்சிக்கே காசு கொடுக்கலாம்.

சிக்கல் விரலில் இருக்கிறது. இந்த கேம் முதலில் மவுஸுக்காகச் செய்தது. தொடக்கூடிய பொருளின் மேல் அம்புக்குறி போனதும் அதன் உருவம் மாறும். அந்த மாற்றம்தான் பாதித் துப்பு. டேப்லெட்டில் அம்புக்குறியே இல்லை. பழுப்பின் மேல் பழுப்பாக இருக்கும் படத்தில் எது பொருள், எது வெறும் பின்னணி என்று தெரியாமல் விரலால் துழாவ வேண்டியிருக்கிறது. இந்திரா நகர் தாண்டி மேம்பாலத்தில் போகும் மெட்ரோவில் ஜன்னல் வெயில் திரையில் அடித்தால் கேட்கவே வேண்டாம், எல்லாம் ஒரே சேறு. படம் எவ்வளவு நுணுக்கமோ, அவ்வளவுக்கு ஆடுபவருக்குத் தலைவலி.

கோரோகோவாவில் படம் அலங்காரத்துக்கு இல்லை, படமேதான் புதிர். திரையில் இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டங்கள். ஒரு கட்டத்துக்குள் நுழையலாம், பின்வாங்கலாம், கட்டத்தையே இழுத்து வேறிடத்தில் வைக்கலாம். ஒரு படத்திலிருக்கும் வாசல் நிலை தனியாகக் கழன்று வரும். அதை இன்னொரு படத்தின் மேல் வைத்தால் கதையில் வரும் சிறுவன் அந்த வாசல் வழியே வேறொரு இடத்துக்குப் போய்விடுவான். மேல் கட்டத்து மரக்கிளையிலிருந்து ஆப்பிள் விழுந்து, கீழ்க் கட்டத்தில் அந்தச் சிறுவன் கையிலிருக்கும் கிண்ணத்தில் சேரும். முதல் தடவை அது நடந்தபோது அக்கா பையன் "மாமா, பழம் கட்டத்தைத் தாண்டி விழுந்துடுச்சு!" என்று கத்தியது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். ஐந்து பழங்களைத் தேடும் ஒரு சிறுவனின் கதைதான். ஆனால் போர், முதுமை என ஒரு முழு வாழ்க்கையே அந்த நான்கு கட்டங்களுக்குள் ஓடுகிறது. இங்கே ஒரு கோட்டைக் கூர்ந்து பார்த்தால் அதற்குப் பலன் உண்டு: இந்த வளைவு அந்த வளைவோடு சேருமா என்பதுதான் கேள்வியே. விரலால் இழுப்பதும் இயல்பாக இருக்கிறது.

குறையும் உண்டு. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், விடை தெரிந்தபின் மறுபடி ஆட ஒன்றுமில்லை. மெஷினேரியம் பல நாள் தாங்கும், மாட்டிக்கொண்டால் விடையைப் படமாகவே காட்டும் ஒரு புத்தகமும் உள்ளே இருக்கிறது. பெரிய மானிட்டரில் மவுஸோடு அதை நண்பர் வீட்டில் கொஞ்ச நேரம்தான் பார்த்தேன். அங்கே என் புகாரில் பாதி காணாமல் போனது, மீதியும் போகுமா என்று முழுதாக ஆடியவர்தான் சொல்ல வேண்டும்.

இசையில் போட்டியே இல்லை. டோமாஷ் த்வோர்ஷாக் போட்ட மெஷினேரியம் பாட்டுகளை கேமைத் திறக்காத நாளிலும் மெட்ரோவில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.