சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை நாங்கள் படிக்கவில்லை

மனநலச் சிகிச்சைக்காக ஒருவரை உள்நோயாளியாகச் சேர்க்க இடம் தேடி அலையும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். என் தம்பியை 16 நாட்கள் அடைத்து வைத்திருந்த தனியார் இல்லத்தின் மீது நாங்கள் கொடுத்த புகார் விசாரணையில் இருப்பதால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் நாங்கள் ஏமாந்த விதத்தை மறைக்காமல் சொல்கிறேன். அங்கே நான் பார்த்த மற்றக் குடும்பங்களும் ஏறக்குறைய இதே வழியில்தான் வந்து சேர்ந்திருந்தன.

தம்பிக்கு வயது 29. மிதமிஞ்சிய எழுச்சியும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநிலைக் கோளாறுக்காக லித்தியம் மாத்திரை எடுத்துக்கொண்டு, நான்கு ஆண்டுகள் ஒழுங்காக வேலைக்குச் சென்று வந்தவன். நோய் முற்றிலும் நீங்கிவிட்டது என்று நம்பி, சென்ற ஆண்டு யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டான். சில வாரங்களில் நோய் திரும்பியது. தொடர்ந்து நான்கு இரவுகள் தூங்கவில்லை. கடன் வாங்கி இரண்டு வண்டிகளுக்கு முன்பணம் கட்டினான். தடுக்கப்போன அம்மாவைத் தள்ளிவிட்டான்.

எங்களுடையது தென்மாவட்டம் ஒன்றிலுள்ள சிற்றூர். அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவர் பொறுமையாகப் பார்த்து, உடனே உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும் என்றார். மாவட்ட மனநலத் திட்டத்தின்படி மாவட்ட அளவில் 10 படுக்கைகள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அன்று அங்கிருந்த சில படுக்கைகளும் நிரம்பியிருந்தன. படுக்கை கிடைத்தாலும் ஆண்கள் பிரிவில் இரவும் பகலும் ஓர் ஆண் துணைக்கு இருந்தாக வேண்டும் என்றார்கள். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவும் நானும் மட்டுமே. பக்கத்து மாவட்டத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கோ செல்லும்படி எழுதிக் கொடுத்தார்கள். கட்டுக்கடங்காத நிலையில் இருப்பவனைப் பேருந்திலோ ரயிலிலோ எப்படி அழைத்துச் செல்வது என்று மருத்துவமனை வாசலில் திகைத்து நின்றபோதுதான் தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர், "துணைக்கு ஆளே வேண்டாம் அக்கா, எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லி ஒரு கைப்பேசி எண்ணைக் கொடுத்தார்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கீற்றுக் கொட்டகை தீப்பற்றி, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்த செய்தி எங்கள் பக்கத்து மக்களின் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை. அதனால் பதிவு பெற்ற இடமா என்பதைத்தான் அம்மா முதலில் கேட்டார். வரவேற்பறையில் சட்டமிட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார்கள். அரசு முத்திரையும் பதிவு எண்ணும் இருந்ததைப் பார்த்தோமே தவிர, அது எதற்கான பதிவு என்று படித்துப் பார்க்கவில்லை. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ், அந்த இல்லத்தை நடத்தும் சங்கத்துக்கு வழங்கப்பட்ட சான்றிதழ் அது. விளையாட்டு மன்றமும் மாதர் சங்கமும்கூட அப்படிப் பதிவு பெறலாம். மனநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சையளிக்க, 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி மாநில மனநல ஆணையத்தில் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு அவர்களிடம் இல்லை.

முன்பணமாக 35,000 ரூபாயை ரொக்கமாக வாங்கிக்கொண்டு தந்த ரசீதில் 'நன்கொடை' என்று எழுதியிருந்தது. பின்னர் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அந்த ஒரு சொல்லைத்தான் காட்டினார்கள். நிரப்பப்படாத இரண்டு படிவங்களில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். முதல் பத்து நாட்கள் நேரில் பார்க்கவோ தொலைபேசியில் பேசவோ கூடாது, அது சிகிச்சை முறை என்றார்கள். அதையும் நம்பினோம். பார்வையாளர்களைச் சந்திப்பதும் தொலைபேசியில் பேசுவதும் நோயாளியின் உரிமை என்று சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்வது அப்போது எங்களுக்குத் தெரியாது.

பதினோராம் நாள் அவனை வெளியே அழைத்து வந்தபோது அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. தலையை மழித்திருந்தார்கள். கட்டாயமாக மொட்டையடிப்பதை இந்தச் சட்டம் பெயர் சொல்லியே தடுக்கிறது. மணிக்கட்டுகளில் கட்டியிருந்த தழும்பு தெரிந்தது. குடிப்பழக்கத்துக்காகக் கொண்டுவந்து விடப்பட்டவர்களுடன் ஒரே கூடத்தில், மதுவைத் தொட்டே அறியாத அவனையும் படுக்க வைத்திருந்தார்கள். மனநல மருத்துவர் எவரும் தன்னை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்று மெல்லிய குரலில் சொன்னான். தனக்கென்று முடிவெடுக்க இயலாத நிலையில் இருப்பவரைச் சேர்க்கும்போது, ஒரு மனநல மருத்துவரும் வேறொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும் என்பது 89ஆம் பிரிவு. அன்றே அழைத்துச் செல்கிறோம் என்றோம். மூன்று மாதத்துக்கு ஒப்பந்தம் என்று சொல்லி, அம்மா கையெழுத்திட்ட படிவங்களை இப்போது நிரப்பிக் காட்டினார்கள்.

இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்த பிறகு, அங்கிருந்து வந்த வழக்கறிஞரும் காவல் நிலையத்திலிருந்து வந்த ஒருவரும் எங்களுடன் நின்றதால்தான் பதினாறாம் நாள் அவனை விட்டார்கள். என்ன ஊசி போட்டோம், எந்த மாத்திரை கொடுத்தோம் என்று ஒரு துண்டுச் சீட்டுக்கூடத் தரவில்லை. மருத்துவக் குறிப்புகளைப் பெறுவது நோயாளியின் உரிமையாக 25ஆம் பிரிவில் இருந்தும் அவர்களிடம் குறிப்பேடே இல்லை. அதன் விளைவைப் பக்கத்து மாவட்டத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உணர்ந்தோம். உடலில் என்ன மருந்து இருக்கிறது என்று தெரியாததால், லித்தியத்தை மறுபடி தொடங்கும் முன் சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றுக்கான சோதனைகளை எடுத்து, சில நாட்கள் மருத்துவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே 19 நாட்கள் இருந்தான். துணைக்கு எங்கள் மாமா விடுப்பு எடுத்துக்கொண்டு தங்கினார். செலவென்று பார்த்தால் அவருடைய சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் ஆனதுதான். முதல் நாளே மாமாவைக் கேட்டிருக்கலாம்; வெளியே தெரிந்தால் அவமானம் என்று அம்மாவும் நானும் தயங்கினோம்.

எந்த இல்லமானாலும் வாசலிலேயே மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். அதிலுள்ள இல்லத்தின் பெயரும் முகவரியும் செல்லத்தக்க காலமும் பொருந்துகின்றனவா என்று படியுங்கள். சேர்க்கும் நாளில் பரிசோதிக்கப்போகும் மனநல மருத்துவரின் பெயரைக் கேளுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். நன்கொடை ரசீதை வாங்காதீர்கள். இடம் தெரியாமல் தவிக்கும் நேரத்தில் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை அழைத்தால் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தந்த எண்ணை அழைப்பதற்கு முன் அந்த எண்ணை நாங்கள் அழைத்திருக்க வேண்டும்.

பதிவில்லாமல் நடத்தும் இல்லத்துக்கு முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. எங்கள் மனு பெறப்பட்டதற்கான ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது. சென்ற வாரம் அந்த வழியாகப் போனபோது இல்லம் திறந்தேதான் இருந்தது. வாசலில் ஓர் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது.