கோல அச்சு: பூவுக்குச் சரி, சிக்குக்கோல இழைக்குச் சரிவராது

துளையிட்ட பிளாஸ்டிக் கோல அச்சுகளில் தாமரை, குத்துவிளக்கு, மயில் ஆகியவற்றை யோசிக்காமல் வாங்கலாம். அவற்றைக் கண் மொத்தமாகப் பார்த்துவிடும். கோடு பொட்டுப் பொட்டாக விழுந்தாலும் குறை தெரியாது.

புள்ளிகளைச் சுற்றி இழை பின்னிப்போகும் சிக்குக்கோல அச்சு அப்படியில்லை. கோலம் போட்டுப் பழகிய கண், இழை எங்கே புறப்பட்டு எந்தப் புள்ளியைச் சுற்றி எங்கே சேர்கிறது என்று கூடவே ஓடும். சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி கோலத்தைக் குறியீடாக்கியதும் இந்த ஓட்டத்தைப் பிடித்துத்தான்: நேராகப் போவது ஒன்று, அரைத்திருப்பம், முழுத்திருப்பம், கண்ணி மூன்றும் இடமும் வலமுமாக ஆறு, ஆக 7 கையசைவுகள். 4 புள்ளி 3 வரிசை நேர்ப்புள்ளி வைத்து முழுக்கப் பின்னினால் ஒரே இழையில் முடியும். 3 புள்ளி 3 வரிசைக்கு 3 இழை வேண்டும். பழகாதவருக்கு இரண்டும் ஒரே வலைப்பின்னல்.

கோட்டை முழுக்க வெட்டினால் நடுத்துண்டு உதிர்ந்துவிடும் என்பதால் அச்சில் இடையிடையே பாலம் விட்டிருப்பார்கள். அங்கெல்லாம் இழை அறுந்து நிற்கும். தூக்கிய பின் ஒவ்வொன்றையும் விரலால் இணைக்க வேண்டும். அதற்குக் கையாலேயே போட்டுவிடலாம்!

நேர்கோடுகளாலான படிக்கோல அச்சில் வேறொரு குறை: பலவும் ஒற்றை இழை. நல்ல நாளில் இரட்டை இழை போடும் வீடுகளில் அது கண்ணை உறுத்தும். அச்சைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி மாவு போடுவது பலிக்காது. ஒரு பக்கம் இழை உள்ளே விழுந்தால் எதிர்ப்பக்கம் வெளியே விழும். ஒரு சுற்று சிறிய அச்சு தனியாக வேண்டும்.

மாவைப் பொறுத்தவரை கல்மாவு சரசரவென்று இறங்கும். அரிசிமாவு ஈரம் பட்டால் கட்டிதட்டி அடைக்கும். நைசாகச் சலித்துக்கொள்ளுங்கள். வாசல் தெளித்த ஈரம் தளும்பி நிற்கும்போது அச்சை வைத்தால் அடிப்பக்கம் பிசுபிசுத்து அடுத்த கோலம் அப்பிக்கொள்ளும். ஒரு பிடி மாவைத் தூவி, உள்ளங்கையால் ஒரே திசையில் தள்ளி, செங்குத்தாகத் தூக்க வேண்டும். சாய்த்தால் ஓரம் கலையும்.

மாவை நிரப்பி உருட்டும் கோலக்குழல், கோலத்தைச் சுற்றிக் கரையாகக் கொடி போட மட்டும். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடி வழியே கசியும். மூலையில் கொடி பொருந்தாது. அங்கே கையால் ஒரு பூ போட்டு மறைத்துவிடுங்கள்.